காரணம் நிரப்பப்படாத நெஞ்சுவலி

மண்ணூர்பேட்டையில் இருக்கும் எங்கள் கம்பெனி போதைப்பொருள் அறவே இல்லாத வளாகம் என்பதைச் சகலருக்கும் பணிவன்புடன் தெரிவித்துக்கொள்கிறேன். நானூறு பேரும் உறுதிமொழியில் கையெழுத்துப் போட்டிருக்கிறோம். அதைப் பாராட்டி அன்று மூன்று மணிக்கு ஓர் அதிகாரி வந்து கேடயம் வழங்குவதாக இருந்தது. இரண்டே காலுக்குக் கிஷோர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தான். நேரங்காலம் பார்க்க வேண்டாமா மனுஷன்?

கிஷோர் டீம் லீடர். வயது இருபத்தெட்டு. தினமும் ஆறு கிலோமீட்டர் ஓடுவான். "சர்க்கரை விஷம் மச்சான்" என்று என் டீயைப் பிடுங்கிக் கொட்டியிருக்கிறான்.

முதலுதவி அறை நர்ஸ் லோகநாயகி வெள்ளானூர்க்காரி. யாருக்கும் பயப்படமாட்டாள். நாடியைப் பிடித்ததும் கேட்டாள்:

"இன்னா நைனா இழுத்தே?"

"வாயு சிஸ்டர்..."

"வாயுவுக்கு மூக்குல ரத்தம் வருமா? சொல்லு."

"கொக்கைன். பிரசன்டேஷனுக்கு முன்னாடி... ரெண்டே ரெண்டு கோடு."

கஞ்சா அடித்தால் ரவுடி. வெள்ளைப் பொடி இழுத்தால் உயர்ந்த ரசனை. இது எங்கள் வட்டாரத்தில் எல்லாருக்கும் தெரிந்ததுதான்.

"ஆம்புலன்ஸ் கூப்டு!" என்று லோகநாயகி கத்தினாள். "அது உள்ள பூந்தா ரத்தக்குழாய் சுருங்கிக்கும், ரத்தம் கட்டிக்கும், பிரஷர் எகிறும். வயசெல்லாம் பாக்காது!"

அதற்குள் எச்.ஆர். ஹேமாவதி டேப்லெட்டோடு வந்துவிட்டாள். விதிப்படி, காரணத்தை நிரப்பாமல் ஆம்புலன்ஸை அழைக்கக் கூடாது.

"கொக்கைன்னு போடும்மா" என்றாள் லோகநாயகி.

"லிஸ்ட்ல இல்லையே. நம்ம வளாகத்துல இல்லாத பொருள் லிஸ்ட்ல எப்படி இருக்கும்? பிரியாணி இருக்கு, போடறேன்."

கிஷோர் சைவம் என்று பதிவாகியிருந்ததால் கணினி பிரியாணியை நிராகரித்தது. அடுத்து, மன அழுத்தம். அதற்கு டீம் லீடரின் ஒப்புதல் வேண்டும். டீம் லீடர் வேர்த்துக் கொட்டித் தரையில் கிடந்தான். ஹேமாவதி மண்டியிட்டு அவன் கட்டைவிரலைத் திரையில் வைத்து ஒப்புதல் பெற்றாள். கடமை என்றால் அப்படி இருக்க வேண்டும்.

ஆம்புலன்ஸ் வந்ததும் அதில் வந்தவர்களிடம் உண்மையைச் சொல்ல லோகநாயகி வாயைத் திறந்தாள். ஹேமாவதி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"மூணு மணிக்கு மேல சொல்லுங்க சிஸ்டர், ப்ளீஸ். கேடயம்..."

"இன்னா இழுத்தான்னு தெரியாம டாக்டரு மருந்து குடுத்தா வேற வினையாய்டும். வுடு கைய!"

கிஷோர் அழுதான். "சொல்லிடுங்க சிஸ்டர். வேலை போனா போகட்டும். எனக்குச் சாக பயமா இருக்கு."

சொன்னாள். பிழைத்துக்கொண்டான். ஆனால் இதயத்தில் ஒரு பகுதி செத்துவிட்டதாம், இனி மாடி ஏறினாலே மூச்சு வாங்குமாம். லோகநாயகிக்கு, அனுமதியின்றி நோயைக் கண்டுபிடித்ததாக மெமோ கொடுக்கப்பட்டது. கேடயத்தை மூன்று மணிக்குக் குறித்த நேரத்தில் பெற்றுக்கொண்டோம். கைதட்டல் பலமாக இருந்தது.

மறுநாள் காலை முதலுதவி அறை வாசலில் ஈசிஜி எடுக்க நீண்ட வரிசை. யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. ஹேமாவதி மூன்றாவதாக நின்றாள். "பேரு வோணாம், எப்ப இழுத்தேன்னு மட்டும் சொல்லு" என்று உள்ளேயிருந்து லோகநாயகியின் குரல் கேட்டது.

எனக்கு இடது தோள் வலித்துக்கொண்டிருந்ததால் கொஞ்சம் முந்தப் பார்த்தேன். முன்னால் நின்றவர் திரும்பிக் கண்டிப்பாகச் சொன்னார்:

"வரிசையில வாங்க சார்."

நேற்றுக் கேடயம் வழங்கிய அதிகாரி.