சிறுகுறிஞ்சான் மென்ன நாக்கும் தங்கச்சி கேசரியும்

வெள்ளிக்கிழமை எனக்கு இருந்த ஒரே வேலை, கேசரியில சக்கர சரியா இருக்கான்னு பார்த்துச் சொல்றது.

தங்கச்சி மீனாவைப் பொண்ணு பார்க்க கரையாம்புத்தூர்லேர்ந்து வர்றாங்க. ரெண்டு எடம் ஏற்கெனவே தட்டிப்போச்சு. இந்தப் பையனை அவளுக்கு போட்டோவிலேயே புடிச்சுப்போச்சு. அம்மா விரதம், எதையும் வாயில வைக்க மாட்டாங்க. மீனா பட்டுப்புடவையோட போராடிட்டிருந்தா. ஆக, வூட்ல மிச்சமிருந்த ஒரே நாக்கு என்னுது.

அம்மா கரண்டியை நீட்டினாங்க. "இன்னாடா, சக்கர போதுமா?"

வாயில போட்டேன். வெறும் ரவை. "சக்கரையே போடலியாம்மா?"

"போட்டேனேடா" ன்னு சொல்லிட்டு இன்னொரு கிண்ணம் கொட்டினாங்க. மறுபடி பார்த்தேன். மணலை மெல்லற மாதிரி இருந்துது. "இன்னும் கொட்டும்மா." கொட்டினாங்க. பயாலஜி வாத்தியார் நான் சொன்னா தப்பா இருக்குமா?

அடுத்த கிண்ணத்தைக் கொட்டறப்போ மீனா வந்து ஒரு வாய் எடுத்தா. மூஞ்சி கோணிப்போச்சு. "அண்ணா, இது கேசரியா, பாகா? வாயே ஒட்டுது. நாக்குல இன்னா வச்சிருக்க நீ?"

அப்பத்தான் எனக்கு உறைச்சுது. கொஞ்ச நேரம் முன்னாடி வேலியிலேர்ந்து சிறுகுறிஞ்சான் இலையைக் கைநிறையப் பறிச்சு மென்னிருந்தேன். திங்கக்கிழமை பிளஸ் டூ பசங்களுக்குச் சுவை பாடம், அதுக்கு ஒத்திகை.

இனிப்பு நாக்குல பட்டா சுவை செல்லுக்குள்ள கால்சியம் ஏறும். அது அங்க இருக்கிற ஒரு புரதக் கதவைத் திறந்துவிடும், அயனிங்க உள்ள பாயும், மூளைக்குச் சேதி போகும். இந்த இலை முதல் படியிலேயே மறிச்சிடும். கால்சியம் ஏறாது, கதவும் தெறக்காது, கொஞ்ச நேரத்துக்கு இனிப்பே தெரியாது. ஒரே ஒரு இலைன்னா பாதிதான் மறிக்கும். ஒத்திகை அமோக வெற்றி, கொண்டாடத்தான் ஆளில்ல.

வாசல்ல கார் சத்தம். மீனா கண்ணுல தண்ணி. "போச்சு. இதுவும் போச்சு."

வூட்ல வேற ரவை இல்லை. மதகடிப்பட்டு போய் வாங்கவும் நேரமில்லை. என் நாக்கைச் சரி பண்ண முடியாது, ஆனா அவங்க நாக்கைக் கெடுக்கலாமே!

தட்டு நிறைய இலையோட போனேன். "எங்க வூட்ல பலகாரத்துக்கு முன்னாடி இத மெல்லறது வழக்கங்க. உடம்புக்கு நல்லது."

பையனோட அப்பா, அம்மா ரெண்டு பேரும் ஆளுக்கு ஒரு இலையை எடுத்துப் பக்தியா மென்னாங்க. பையன் மீனாவைப் பார்த்துக்கிட்டே மென்னான். வைக்கோலைக் குடுத்திருந்தாலும் மென்னிருப்பான்.

கேசரி வந்துது. பையனோட அம்மா ஒரு வாய் சாப்பிட்டாங்க, இன்னொரு வாய் சாப்பிட்டாங்க.

"திகட்டவே இல்லயே. சக்கரைய அளவா போட்டுருக்கு. பொண்ணு செஞ்சுதா?"

"ஆமாங்க" ன்னா மீனா, கண்ணைக்கூடச் சிமிட்டாம.

தட்டு மாத்த நாள் பாத்துடலாம்னு பேச்சு முடிஞ்சுது. மீனா பின்கட்டுல என் கையைப் புடிச்சுக்கிட்டுக் குதிச்சா. எனக்கும் தலைகால் புரியல.

கிளம்பறப்போ அந்தம்மா கேட்டாங்க. "மிச்சக் கேசரிய டப்பாவுல போட்டுக் குடுங்க. வூட்ல சொந்தக்காரங்க எல்லாம் காத்துக்கிட்டிருக்காங்க." அம்மா மனசு நெறைஞ்சு வழிச்சுப் போட்டுக் குடுத்தாங்க.

கூட ரெண்டு கொத்து இலையையும் வச்சு அனுப்பியிருக்கணும்ங்கற புத்தி, கார் முக்குல திரும்பினப்புறந்தான் எனக்கு வந்துது.