ஒன்பதாம் எண் கார்

ஒன்பதாம் எண் கார் மறுபடியும் அவர் காலடியில் வந்து நின்றது.

செருப்பளவுதான் இருக்கும். சத்தமே இல்லை. முன்விளக்கு இரண்டும் அண்ணாந்து அவரையே பார்த்தன.

"யாரும்மா இதை ஓட்டுறது?" பக்கத்து மேசை மாணவியைக் கேட்டார் மெக்கானிக்.

"யாரும் ஓட்டலை சார். செஞ்சவ சாப்பிடப் போயிருக்கா."

சுற்றுச்சூழலைக் கெடுக்காத குட்டிக் கார்களுக்கான கல்லூரி மாணவர் போட்டி அது. நடுவர்கள் இருவர். முப்பது வருடமாகக் கார் பட்டறை நடத்தும் அவர். அதே கல்லூரியில் வேதியியல் நடத்தும் அவர் மனைவி.

காரை அதன் இடத்தில் வைத்துவிட்டு, மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு நகர்ந்தார். இரண்டடி பின்னால் கார். நின்றால் நின்றது. நடந்தால் வந்தது.

"என்னங்க, திரும்பித் திரும்பிப் பார்க்கறீங்க?" என்றாள் மனைவி, புதினா மிட்டாயை மென்றபடி.

"கழுத்து வலிம்மா."

இப்படி அவர் கடைசியாகப் பயந்தது ஏழு மாதத்துக்கு முன்னால்தான். 'இன்னொரு சிகரெட்டைத் தொட்டா நான் எங்க அக்கா வீட்டுக்குப் போயிடுவேன்' என்று அவள் பெட்டியை எடுத்த அன்று. அதற்குப் பிறகு அவர் தொடவே இல்லை.

காரின் பாட்டரியைக் கழற்றினார். விளக்கு அணைந்தது. கார் இருட்டுக் கண்ணோடு வந்தது.

"அடியில இன்னொரு பாட்டரி இருக்கு சார்," என்றாள் பக்கத்து மேசை மாணவி.

ஓர் அட்டைப்பெட்டியை எடுத்துக் கவிழ்த்து மூடினார். நிம்மதியாக நாலடி வைத்திருப்பார். பின்னால் யாரோ வீலென்று கத்தினார்கள். அட்டைப்பெட்டி தானாக ஊர்ந்து வந்துகொண்டிருந்தது.

காரைச் செய்தவள் கையைத் துடைத்தபடி ஓடிவந்தாள். "ஐயோ, யாரு மூடினது? இது காத்தைச் சுத்தம் பண்ற வண்டி சார். யார் மேல சிகரெட் புகை ஒட்டியிருக்கோ, அவங்க பின்னாடியே போகும்!"

மனைவி கையை உதறினாள். "ஏழு மாசமா என்னை ஏமாத்திருக்கீங்க!"

"சத்தியமாத் தொடலைம்மா!"

"அப்ப வண்டி பொய் சொல்லுதா?"

அட்டைப்பெட்டி இருவர் காலுக்கும் நடுவில் வந்து நின்றது. அவருக்கே சந்தேகம் வந்தது. ஒருவேளை தூக்கத்தில் எழுந்து போய்ப் பிடிக்கிறோமோ? அப்படியானால் தினமும் எழுந்து போவது தானா, வேறு யாரோவா? மெல்ல விரல்களை முகர்ந்து பார்த்தார். சிகரெட் வாசம்!

"மன்னிச்சிடும்மா," என்றார். "எனக்கே தெரியாம என்னென்னவோ நடக்குது. அக்கா வீட்டுக்கு மட்டும் போயிடாதே."

மனைவி நீண்ட பெருமூச்சு விட்டாள். "இந்த ஒரு தடவை மன்னிக்கிறேன். முதல்ல அந்தப் பொண்ணுக்கு மார்க் போடுங்க."

கண்ணைத் துடைத்துக்கொண்டு நூற்றுக்கு நூறு போட்டார்.

அப்போது, கூடம் பெருக்கும் அம்மா விளக்குமாற்றோடு உள்ளே வந்து மனைவியிடம் கையை நீட்டினாள்.

"மேடம், இன்னிக்கும் லைட்டரை மாடிப்படிக்கு அடியிலேயே விட்டுட்டு வந்துட்டீங்களே!"