போலந்து விமானத்துக்குச் சீட்டு எழுதிய டைம்கீப்பர்

தன்னுடைய சம்மதம் இல்லாமல் இந்தப் பூமியில் எந்த வண்டியும் கிளம்பக் கூடாது என்று மனசார நம்பிய ஒரே ஆள், எங்கள் செஞ்சி பஸ் ஸ்டாண்டு டைம்கீப்பர்தான். பஸ், லாரி, ஆட்டோ என்ற பேதமெல்லாம் கிடையாது. பஸ் ஸ்டாண்டு வாசலில் கல்யாண ஊர்வலம் போனால்கூட கடிகாரத்தைப் பார்த்துவிட்டுத்தான் வழிவிடுவார். மாப்பிள்ளை குதிரை மேல் இருந்தாலும் சரி, விசில் ஊதின பிறகுதான் குதிரை நகரும்.

தனியார் பஸ்காரர்கள் சேர்ந்து வைத்த ஆள் அவர். காக்கிச் சட்டை, கழுத்தில் விசில், கக்கத்தில் நீள நோட்டு. டிரைவர் கொண்டுவரும் டிரிப் ஷீட்டில் நேரத்தைக் குறித்துக் கையெழுத்துப் போட்டுத் தருவது அவர் வேலை. அந்தக் காகிதம் கைக்கு வராமல் எந்த டிரைவரும் வண்டியை எடுக்க முடியாது.

ஒரு தடவை மேல்மலையனூர் வண்டி அரை நிமிஷம் முன்னாலேயே கிளம்பிவிட்டது. டைம்கீப்பர் ஓடிப்போய் மறித்தார். அறுபது ஜனங்களோடு வண்டியை ரிவர்ஸில் வரவழைத்து, புறப்பட்ட இடத்திலேயே நிற்கவைத்து, மறுபடி விசில் ஊதி அனுப்பினார். இதற்குள் நாலு நிமிஷம் போய்விட்டது.

"இப்ப நாலு நிமிசம் லேட்டு. இதுக்கு இன்னா சொல்ற?" என்று டிரைவர் கேட்டார்.

"லேட்டா போனா உன் தப்பு. சீக்கிரம் போனா என் தப்பு. என் தப்பு மட்டும் நடக்கக் கூடாது" என்றார் டைம்கீப்பர்.

எனக்கு ஊர் தொண்டூர். படித்தது புதுச்சேரியில். தினமும் காலையில் தொண்டூர் பஸ்ஸில் செஞ்சிக்கு வந்து, அங்கே புதுச்சேரி பஸ் பிடிக்க வேண்டும். தொண்டூர் பஸ் ஒருநாளும் நேரத்துக்கு வந்ததில்லை. ஆனால் மூன்று வருஷத்தில் ஒருநாள்கூட நான் புதுச்சேரி பஸ்ஸைத் தவறவிட்டதில்லை. காரணம் டைம்கீப்பர். "தொண்டூர் புள்ளைங்க வருது, இரு" என்று நிறுத்திவிடுவார். உள்ளே இருக்கிறவர்கள் ஆபீசுக்கு நேரமாகிறது என்று கத்துவார்கள். அவரோ டிரிப் ஷீட்டை எடுத்து மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு டீக்கடைக்குப் போய்விடுவார். எங்கள் பஸ் தலை தெரிகிறவரைக்கும் அந்த ஒரு டீயை ஊதிக்கொண்டே இருப்பார்.

"பாப்பா, ஒண்ணு தெரிஞ்சிக்கோ" என்று ஒருநாள் எனக்குச் சொன்னார். "வண்டி போயிடும் போல இருந்தா டிரைவர்கிட்ட கெஞ்சாத, கண்டக்டர்கிட்டயும் கெஞ்சாத. காயிதம் யார் கைல இருக்குதுன்னு பாரு. அவன்கிட்ட போ."

எனக்குப் போலந்தில் ஒரு செமஸ்டர் படிக்க இடம் கிடைத்தது. எங்கள் குடும்பத்தில் அதுவரை அதிகபட்சமாகத் திருப்பதி வரைதான் போயிருந்தார்கள். ஒரே ஒரு சிக்கல். விசா கடைசி நேரத்தில்தான் கையில் கிடைத்தது. திங்கட்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்குள் யூனிவர்சிட்டிக்கு நேரில் போய்க் கையெழுத்துப் போடாவிட்டால் இடம் போய்விடும். கிடைத்த டிக்கெட்டோ ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்துக்கு.

டைம்கீப்பரிடம் சொன்னேன். அவர் ஆச்சரியப்படவில்லை, வாழ்த்தவில்லை. நோட்டைப் பிரித்தார்.

"எந்த ரூட்டு?"

"சென்னையிலேர்ந்து வளைகுடாவுல ஒரு ஊரு, மாமா. அங்க மாறி போலந்து."

"மாறுற எடத்துல எவ்ளோ டைம் இருக்குது?"

"ஒண்ணே கால் மணி நேரம்."

"பத்தாது. அந்த ஸ்டாண்டு டைம்கீப்பர் நம்பர் குடு, நான் பேசுறேன்."

நம்பர் இல்லை என்றதும் முகம் சுருங்கிவிட்டது. பிறகு ஒரு டிரிப் ஷீட்டைக் கிழித்து அதன் பின்பக்கத்தில் எழுத ஆரம்பித்தார். 'செஞ்சி டைம்கீப்பர் அனுப்புவது. இந்தப் பாப்பா நம்ம பொண்ணு. வண்டி தாமதமானால் ஐந்து நிமிடம் நிறுத்தி ஏற்றிவிடவும். இதே உதவி இந்தப் பக்கம் வேண்டுமானால் நான் செய்வேன்.' கீழே பஸ்காரர்கள் சங்கத்தின் வட்ட முத்திரையை இரண்டு தடவை குத்தினார். எல்லாம் தமிழில்தான். படித்தால் புரியாதா என்ன என்பது அவர் கட்சி.

என் நைனா விமான நிலையம் போக வாடகைக்கு ஒரு கார் பேசியிருந்தார். அது டைம்கீப்பர் காதுக்கு எட்டியதும் பெரிய தகராறு.

"கார்ல போனா யாரு பொறுப்பு? பஸ்ல போனா நான் பொறுப்பு" என்றார். நைனாவும் ஒத்துக்கொண்டார். காரைத் திருப்பி அனுப்பிவிட்டு ஞாயிறு விடியற்காலை முதல் பஸ்ஸில் ஏறினோம். ஜன்னலுக்குக் கீழே நின்றுகொண்டு டைம்கீப்பர் கடைசி அறிவுரை சொன்னார்.

"ஏரோப்ளேன்ல டயர் மேல மட்டும் உக்காராத. தூக்கிப் போடும்."

விமானத்தில் எனக்குக் கிடைத்தது இறக்கைக்குப் பக்கத்து இருக்கை. நேராக டயர் மேல்தான்.

அன்று செஞ்சியில் நடந்ததை நைனா பின்னால் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். என்னை வழியனுப்பிவிட்டுச் சாயங்காலம் அவர் திரும்பி வந்தபோது, டைம்கீப்பர் பக்கத்து மொபைல் கடைக்காரரைப் பிடித்துவைத்து, போனில் விமானம் போகும் பாதையைப் பார்த்துக்கொண்டிருந்தாராம். அதோடு விட்டாரா? மைக்கில் வேறு அறிவித்திருக்கிறார்.

"பயணிகள் கவனத்துக்கு. தொண்டூர் பாப்பா போற விமானம் அம்பது நிமிசம் லேட்டா கடலுக்கு மேல போயிட்டிருக்குது. போளூர் போறவங்க மூணாவது பிளாட்பாரத்துக்குப் போங்க."

போளூர் போக வேண்டியவர்களில் பாதிப் பேர் போகவில்லையாம். பாப்பா கரையேறட்டும் என்று போனைச் சுற்றி நின்றுவிட்டார்கள்.

அந்த ஐம்பது நிமிஷம் என்னை நிஜமாகவே கவிழ்த்துவிட்டது. வளைகுடாவில் இறங்கும்போது போலந்து விமானத்துக்கு இருபத்தைந்து நிமிஷம்தான் பாக்கி. பையை மாட்டிக்கொண்டு ஓடினேன். அந்த விமான நிலையம் ஒரு தாலுகா அளவுக்கு இருந்தது. மூச்சிரைக்கப் போய் நின்றால் கதவைச் சாத்திவிட்டார்கள். கண்ணாடி வழியாகப் பார்த்தால் விமானம் அப்படியே நிற்கிறது. கவுண்டரில் இருந்த பெண்ணிடம் கெஞ்சினேன். முடிந்தது, நாளைதான் என்று சிரித்த முகமாகவே சொன்னாள். நாளை என்றால் பன்னிரண்டு மணி தாண்டிவிடும். அழுகை வந்துவிட்டது.

அப்போதுதான் டைம்கீப்பர் சொன்னது மண்டையில் உறைத்தது. காயிதம் யார் கைல இருக்குது?

சுற்றிலும் பார்த்தேன். மஞ்சள் மேல்சட்டையும் வாக்கிடாக்கியுமாக ஒரு மனிதர், கையில் ஒரு நீளத் தாளோடு அந்தச் சாத்திய கதவைப் பார்த்து வேகமாக நடந்து வந்தார். முகத்தில் கடுகடுப்பு. சந்தேகமே இல்லை, அந்த ஊர் டைம்கீப்பர். குறுக்கே போய் நின்று, செஞ்சிச் சீட்டை இரண்டு கையாலும் நீட்டினேன்.

அவர் எந்த நாட்டுக்காரரோ தெரியாது, தமிழர் இல்லை. சீட்டை நேராகப் பார்த்தார், தலைகீழாகத் திருப்பிப் பார்த்தார், வட்ட முத்திரைகளை விரலால் தடவிப் பார்த்தார். இது என்ன என்று ஆங்கிலத்தில் கேட்டார். எங்கள் ஊர் பஸ் ஸ்டாண்டு டைம்கீப்பர் உங்களுக்குக் கொடுத்தனுப்பினார், ஐந்து நிமிஷம் வண்டியை நிறுத்தச் சொன்னார் என்றேன். என் பயத்தில் பொய் எதுவும் தோன்றவில்லை.

அந்த மனிதர் ஒரு நொடி என்னையே பார்த்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். வாக்கிடாக்கியில் என்னவோ பேசினார். என் பாஸ்போர்ட்டையும் டிக்கெட்டையும் கவுண்டர் பெண்ணிடம் காட்டச் சொல்லிவிட்டு, தன் கையில் இருந்த தாளை ஆட்டிக் காட்டினார். விமானத்தில் எவ்வளவு பாரம் ஏறியிருக்கிறது என்ற கணக்காம் அது. அது பைலட் கைக்குப் போகாமல் விமானம் நகராதாம். "வா" என்று அவர் முன்னால் நடக்க, நான் பின்னால் ஓடினேன்.

நான் ஏறிவிட்டேன், என் பெட்டி ஏறவில்லை. போன் சார்ஜர் அந்தப் பெட்டிக்குள். போலந்தில் இறங்கும்போதே போன் செத்துவிட்டது. காலையில் ரயில் பிடித்து, உறைய வைக்கும் குளிரில் ஒற்றைச் சுடிதாரோடு விசாரித்து விசாரித்துப் போய், திங்கட்கிழமை பதினொன்று நாற்பதுக்குக் கையெழுத்துப் போட்டேன். அதற்கப்புறம்தான் அந்த ஆபீசில் ஒரு சார்ஜரை இரவல் வாங்கி நைனாவுக்குப் பேசினேன். அங்கே சாயங்காலம் ஆகியிருந்தது. பின்னால் ஹார்ன் சத்தம் கேட்டது.

"எங்க நைனா இருக்குற?"

"பஸ் ஸ்டாண்டுலதான். நேத்துலேர்ந்து இங்கதான் இருக்குறோம். இந்தாளு எழுந்து வர மாட்டேங்குறாரு." நைனாவின் குரல் உடைந்திருந்தது. "ரெண்டாவது ஏரோப்ளேன் போயிடுச்சாம். நீ அதுல ஏறுனியா இல்லியான்னு போன்ல தெரிய மாட்டேங்குதாம். இரு, குடுக்குறேன்."

"சேந்துட்டியா?" என்றார் டைம்கீப்பர்.

"சேந்துட்டேன் மாமா. கையெழுத்து போட்டுட்டேன்."

"எத்தினி மணிக்கு?"

"பதினொண்ணு நாப்பது."

காகிதம் புரளும் சத்தம் கேட்டது. எழுதிக்கொண்டிருந்தார் போலிருக்கிறது.

"சரி பாப்பா, சாப்புடு. நான் வூட்டுக்குப் போறேன்."

ஞாயிறு மத்தியானம் இரண்டு மணிக்கே அவர் டூட்டி முடிந்துவிட்டதாம். அடுத்த ஆள் வந்து நாற்காலியில் உட்கார்ந்த பிறகும், அனுப்பின வண்டி போய்ச் சேர்ந்த செய்தி வராமல் டூட்டி முடித்த கையெழுத்தை நோட்டில் போட மாட்டேன் என்று பெஞ்சிலேயே இருந்திருக்கிறார். யாரையும் தெரியாத அந்த ஊரில், சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று நான் அழுதேன். நான் சேர்ந்துவிட்டேன் என்று தெரியாமல் வீட்டுக்குப் போக மனசு வராத ஓர் ஆள் எனக்கு இருந்தார்.