என் வலது கன்னம் செய்த குற்றம்

பெருமதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். இந்த விளிப்பைப் பார்த்த கோபத்தில் கடிதத்தைக் கிழித்து அடுப்பில் போட்டுவிடாதீர்கள். பேக்கரி நடத்துகிறவர் நீங்கள், உங்களிடம் இருப்பது பெரிய அடுப்பு என்பது எனக்குத் தெரியும். நீங்கள் இன்னும் எனக்குச் சம்பந்தி ஆகவில்லை. இன்று சாயங்காலம் எங்கள் வீட்டுப் படியிறங்கிப் போன வேகத்தைப் பார்த்தால் ஆகவும் மாட்டீர்கள் போலிருக்கிறது. இருந்தாலும் பேனா தானாக அப்படி எழுதிவிட்டது, நான் அடிக்கவில்லை. அடுத்து நலம், நலமறிய ஆவல் என்று எழுதுவது முறை. முதல் கடிதத்திலேயே பொய் சொல்ல விரும்பவில்லை. என் இடது பக்கம் நலம். வலது பக்கத்தைப் பற்றி விளக்கத்தான் இந்தக் கடிதம்.

போன் போட்டுச் சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். போட முடியாது ஐயா. இந்த நிமிடம் வரை என் வாய் எனக்குக் கட்டுப்படவில்லை. பேசினால் இந்த ஆள் குடிக்கவும் செய்வான் போலிருக்கிறது என்று அதையும் சேர்த்துக்கொள்வீர்கள். ஏற்கெனவே இருக்கிற கெட்ட பெயர் போதும்.

விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் பையனும் என் பெண்ணும் ஒரே அலுவலகத்தில் எதிரெதிர் மேஜையில் உட்கார்ந்து ஒருவருக்கொருவர் பிடித்துப்போய், பெரியவர்கள் சந்தித்துப் பேசுவது என்று முடிவானதிலிருந்து எங்கள் வீட்டில் ஒரே அமர்க்களம். திரைச்சீலை மாறியது, மின்விசிறியின் தூசு போனது, பத்து வருடமாக ஆடிக்கொண்டிருந்த கதவுக் கைப்பிடிகூட நின்றது. எல்லாம் முடிந்தபிறகு என் பெண் என்னருகில் வந்து, "அப்பா, அவங்க வர்றப்ப கொஞ்சம் தள்ளி உக்காந்து பேசுங்க, என்ன?" என்றாள். ஏன் என்று கேட்டால் முழிக்கிறாள். என் மனைவிக்கு அந்தச் சங்கடமெல்லாம் கிடையாது. "வாய் நாறுதுங்க. பிரஷ்ல தினம் ரத்தம் வேற. வீடு பூரா சுத்தம் பண்ணியாச்சு, அதையும் பண்ணிட்டு வாங்க" என்று நடுக்கூடத்தில் நின்று அறிவித்துவிட்டாள். எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. இரண்டு வேளையும் பல் துலக்குகிறவன் நான். இன்று மத்தியானமே, பெண்ணுக்குத் தெரியாமல், பல் டாக்டரிடம் போனேன். விருந்தாளி வருமுன் வீட்டுக்கு வெள்ளையடிப்பது போல, போனோம் வந்தோம் என்று முடிந்துவிடும் என்று நினைத்தேன்.

டாக்டர் மெல்லிய கம்பி ஒன்றை எடுத்து ஒவ்வொரு பல்லின் ஓரத்திலும் ஈறுக்குள் விட்டு விட்டுப் பார்த்து, எண்களைச் சொல்லிக்கொண்டே போனார். பக்கத்தில் உதவியாளர் பெண் அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றிக்கொண்டே வந்தாள். முன்பற்களுக்கு "ரெண்டு, மூணு, ரெண்டு" என்றார். எனக்குச் சுருக்கென்றது. ஆயுள் முழுக்கக் கணக்கு வாத்தியாராக இருந்து மற்றவர்களுக்கு மதிப்பெண் போட்டவன், இந்த வயதில் ரெண்டும் மூணுமா வாங்குவது? நல்ல வேளையாகக் கடைவாய்ப் பக்கம் போகப் போக "அஞ்சு, ஆறு, ஏழு" என்று ஏறியது. பின்வரிசை நம் மானத்தைக் காப்பாற்றிவிட்டது என்று மனம் குளிர்ந்து, கம்பி வாயில் இருக்கும்போதே, "பத்துக்கா டாக்டர்?" என்று கேட்டேன்.

"எது பத்துக்கு?"

"இந்த ஏழு."

"சார், இது மார்க் இல்ல. பல்லுக்கும் ஈறுக்கும் நடுவுல விழுந்திருக்கிற பள்ளம், மில்லிமீட்டர்ல. மூணு வரைக்கும் பரவாயில்ல. ஏழுன்னா ஈறு பல்லை விட்டுக் கழண்டுக்கிட்டு வருதுன்னு அர்த்தம். ஈறு நோய் சார். இப்படியே விட்டா பல்லு ஆடும், அப்புறம் விழும்."

குறைந்த மதிப்பெண்ணுக்காக நான் ஏங்கியது வாழ்க்கையில் அப்போதுதான். மேலே தேய்த்தால் போகாதாம். மரத்துப்போக ஊசி போட்டு, ஈறுக்குக் கீழே வேர் வரைக்கும் இறங்கி, அங்கே கல்லாகக் கட்டியிருக்கும் காரையைச் சுரண்டி எடுத்து, வேரை வழவழப்பாக்க வேண்டுமாம். ஆழமாகச் சுத்தம் செய்வது என்றால் அதுதானாம். ஒரே நாளில் முழு வாயும் வேண்டாம், இன்று ஒரு பக்கம், அடுத்த வாரம் மறுபக்கம் என்றார். "எந்தப் பக்கம் மொதல்ல செய்யலாம்?" என்று அவர் கேட்டபோதுதான் நான் என் மூளையைப் பயன்படுத்தினேன். எங்கள் கூடத்தில் என் நாற்காலிக்கு வலது பக்கம் சுவர், விருந்தாளிகள் உட்காரும் சோபா இடது பக்கம். ஆகவே வலது கன்னம் மரத்துப்போனால் அது சுவருக்கு மட்டும்தான் தெரியும். வலது என்றேன். அதே நேரத்தில் வீட்டில் என் மனைவி, ஜன்னல் வெளிச்சத்தில் சோபாவின் கறை தெரிகிறதென்று சோபாவையும் நாற்காலியையும் இடம் மாற்றிக்கொண்டிருக்கிறாள் என்பதை என் கணக்கில் சேர்க்க மறந்துவிட்டேன்.

ஊசி போட்டார்கள். லேசாக உணர்ச்சி இருப்பது போலத் தோன்றியது, கையைத் தூக்கினேன். இன்னொன்று போட்டார்கள். மறுபடி சந்தேகம், மறுபடி கையைத் தூக்கினேன். "சார், நான் இன்னும் ஆரம்பிக்கவே இல்ல. அது என் விரலு" என்றார் டாக்டர். இருந்தாலும் மனம் கேட்காமல் இன்னொன்று கேட்டு வாங்கிக்கொண்டேன். வலித்ததா என்றால் இல்லை, வலிக்குமோ என்று பயந்ததுதான் வலித்தது. தண்ணீர் பீய்ச்சும் ஒரு கருவி, அதை உறிஞ்சும் ஒரு குழாய், பிறகு கொக்கி போன்ற ஏதோ ஒன்றால் கறக் கறக் என்று சுரண்டல். பக்கத்து வீட்டில் டைல்ஸ் பெயர்க்கிற சத்தம்தான், ஆனால் அந்தப் பக்கத்து வீடு என் மண்டைக்குள் இருந்தது. முடிந்ததும், "மரமரப்பு போற வரைக்கும் எதுவும் சாப்பிடாதீங்க, கன்னத்தையே கடிச்சுக்குவீங்க, தெரியாது. சூடா எதுவும் குடிக்காதீங்க" என்று அனுப்பினார். நான் நன்றி சொன்னேன். எச்சில்தான் போய்ச் சேர்ந்தது.

வீட்டுக்கு வந்தால் மனைவி கதவைத் திறந்து, "என்னங்க, பாதி முகம் தூங்குது?" என்றாள். கையை ஆட்டி விளக்கினேன். நீங்கள் வருவதற்குக் கொஞ்ச நேரம்தான் இருந்தது. நடந்ததை உங்களிடம் உள்ளபடி சொல்லிவிடலாம் என்பதுதான் என் எண்ணம். அவள்தான், "மொத மொத வர்றாங்க. நோய்னு ஆரம்பிச்சா பரம்பரையான்னு கேப்பாங்க. நீங்க பேசவே வேணாம். சும்மா சிரிச்சுக்கிட்டு இருங்க, மிச்சத்தை நான் பார்த்துக்கறேன்" என்று உத்தரவு போட்டாள். ஐயா, உலகத்தில் எத்தனையோ ஆலோசனைகள் சொல்லப்பட்டிருக்கின்றன. இதைப் போல நாசமாய்ப்போன ஆலோசனை ஒன்று இருக்காது.

மற்றது உங்களுக்கே தெரியும். ஆனாலும் என் தரப்பிலிருந்து ஒருமுறை கேளுங்கள். நீங்களும் தங்கள் துணைவியாரும் மாப்பிள்ளையும் சரியாக என் வலது கன்னத்துக்கு நேரே உட்கார்ந்தீர்கள். நீங்கள் வணக்கம் சொன்னீர்கள், நான் சிரித்தேன். பையன் சொந்தமாக வீடு பார்த்திருப்பதைச் சொன்னீர்கள், நான் சிரித்தேன். துணைவியார் பெண்ணின் அடக்கத்தைப் பாராட்டினார்கள், அதற்கும் சிரித்தேன். (அந்த இடத்தில் சாதாரண நாளிலும் சிரித்திருப்பேன்.) பிறகு நீங்கள் அந்தப் பெட்டியைத் திறந்து, "சார், இது கடைக்குப் போட்டதில்ல. உங்க வீட்டுக்குன்னு நானே என் கையால செஞ்ச கேக். ஒரு வாய் எடுத்துக்குங்க" என்று நீட்டினீர்கள். டாக்டரின் எச்சரிக்கை நினைவுக்கு வந்து தலையை ஆட்டி மறுத்தேன். "அவருக்கு இனிப்பு ஆகாதுங்க" என்று மனைவி முட்டுக்கொடுத்தாள். உங்கள் முகம் வாடியதைப் பார்த்து மனம் பொறுக்காமல், உடனே பெரிய துண்டாக ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டேன். ஒரே நொடியில் மனைவியைப் பொய்க்காரியாக்கினேன். போதாக்குறைக்கு, விழுங்கிவிட்டதாக நான் நம்பிய அந்தக் கேக் என் வலது வாயோரமாக வெளியேறிச் சட்டைப் பையில் விழுந்திருக்கிறது, அதுவும் ஈறு ரத்தம் பட்டு இளஞ்சிவப்பு நிறத்தில். தங்கள் துணைவியார் என் பையையே பார்த்தார்கள். நான் எதற்குப் பார்க்கிறார்கள் என்று தெரியாமல் அவர்களைப் பார்த்துச் சிரித்தேன்.

அதையும் பெருந்தன்மையோடு விட்டுவிட்டு நீங்கள் உங்கள் கையைக் காட்டினீர்கள். "இவன் சின்னப் பையனா இருந்தப்ப அடுப்புத் தட்டு விழுந்து வெந்துபோன கை சார் இது. கட்டோடயே சைக்கிள்ல ரொட்டி எடுத்துக்கிட்டுத் தெருத் தெருவாப் போவேன். அப்படித்தான் இவனைப் படிக்க வச்சேன்" என்றீர்கள். உண்மையைச் சொல்கிறேன். இப்படிப்பட்ட மனிதரின் வீட்டுக்கா என் பெண் போகப்போகிறாள், கொடுத்துவைத்தவள் என்று நினைத்தேன். அந்த நினைப்பில் மனதாரச் சிரித்தேன். நீங்கள் பேச்சை நிறுத்தினீர்கள்.

"என்ன சார், சிரிப்பா இருக்கா?"

ஐயோ இல்லை என்று தலையை ஆட்டினேன். ஆட்டும்போது இன்னும் பெரிதாகச் சிரித்துத் தொலைத்தேன்.

"எந்திரிம்மா, கிளம்பலாம்" என்று துணைவியாரிடம் சொல்லிவிட்டு எழுந்தீர்கள். மாப்பிள்ளை என் பெண்ணைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார்.

நீங்கள் போனதும் அவள் என் முன்னால் வந்து நின்று, "பிடிக்கலைன்னா வாயைத் தொறந்து சொல்லியிருக்கலாமேப்பா. இப்படியா ஏளனமா சிரிப்பீங்க?" என்றாள். நான் வாயைத் திறந்து, உதட்டை இழுத்து, வலது பக்கத்து ஈறு முழுவதையும் காட்டினேன். "இப்ப எதுக்கு இதைக் காட்டறீங்க?" என்று அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். என் மனைவி கதவுக்கு வெளியே நின்று எல்லாவற்றையும் விளக்கினாள். "என்கிட்ட சொல்லி என்னம்மா? அவங்ககிட்டல்ல சொல்லணும்" என்று உள்ளிருந்து பதில் வந்தது. அவள் அழுது நான் பார்த்ததில்லை என்று சொல்லமாட்டேன். சின்ன வயதில் நான் கணக்குச் சொல்லிக்கொடுக்க உட்கார்ந்தாலே அழுவாள், தெருவுக்கே கேட்கும். இன்று சத்தமில்லாமல் அழுகிறாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

ஆகவே ஐயா, என்னைத் திட்ட வேண்டுமானால் திட்டுங்கள், அவளைத் தண்டிக்காதீர்கள். நான் உங்களை ஏளனம் செய்யவில்லை. அது முழுச் சிரிப்புதான், பாதிதான் வெளியே வந்தது. குற்றம் என் வலது கன்னத்தையும், அதில் ஏறிய ஊசிகளையும், குறிப்பாக நான் கேட்டு வாங்கிய அந்தக் கடைசி ஊசியையும் சேர்ந்தது. டாக்டரிடம் வேண்டுமானாலும் விசாரித்துக்கொள்ளுங்கள். மரமரப்பு போனபிறகு ஒருமுறை வாருங்கள், என் உண்மையான சிரிப்பைப் பார்ப்பீர்கள். இரு பக்கமும் கோடு போட்டது போலச் சமமாக இருக்கும். கணக்கு வாத்தியாரின் சிரிப்பு வேறு எப்படி இருக்கும்?

தங்கள் துணைவியாருக்கு என் வணக்கத்தையும், சட்டைப் பை விஷயத்துக்காக என் மன்னிப்பையும் தெரிவியுங்கள். மாப்பிள்ளை எல்லா நலமும் பெற்று, முப்பத்திரண்டு பற்களோடும் அவற்றைப் பிடித்துக்கொள்ளும் ஈறுகளோடும் நெடுநாள் வாழ வாழ்த்துகிறேன். நாளைக் காலை ரொட்டி வாங்கும் சாக்கில் தங்கள் கடைக்கு வந்து என் மனைவி இந்தக் கடிதத்தைத் தங்கள் கையிலேயே கொடுப்பாள்.

இப்படிக்கு,
தங்கள் சம்பந்தியாகக் காத்திருக்கும்,
ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார்

பி.கு.: உறையை ஒட்டப்போகும் நேரத்தில் கன்னத்தில் குறுகுறுவென்று உணர்ச்சி திரும்பிவிட்டது. பேச்சும் தெளிவாக வந்துவிட்டது. சந்தோஷம் தாங்காமல் கண்ணாடி முன்னால் போய் நின்று சிரித்துப் பார்த்தேன். இடது ஓரம் மேலே போனது. வலது ஓரம் இருந்த இடத்தைவிட்டு அசையவில்லை. கன்னத்தைக் கிள்ளிப் பார்த்தேன், நன்றாக வலித்தது. மறுபடி சிரித்தேன், மறுபடியும் அதேதான். பதறிப்போய் மனைவியைக் கூப்பிட்டேன். "உங்க சிரிப்பு எப்பவும் அப்படித்தானே?" என்கிறாள். இத்தனை வருஷமாக ஏன் சொல்லவில்லை என்று கேட்டால், "நீங்க சிரிக்கறதே அபூர்வம். அதையும் நான் எதுக்குக் கெடுக்கணும்? எங்கப்பாகூட உங்களை மொதல்ல பார்த்துட்டு, என்னம்மா, இவர் நம்மளைக் கிண்டல் பண்றாரான்னுதான் கேட்டார்" என்கிறாள். ஆகவே ஊசியைப் பற்றி மேலே எழுதியது அனைத்தையும் அடித்துவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். கல்யாணப் போட்டோவிலும் நான் இப்படித்தான் நிற்பேன், அப்போதும் சந்தோஷமாகத்தான் இருப்பேன். என் மாமனார் இதே சிரிப்பைப் பார்த்த பிறகும் எனக்குப் பெண்ணைக் கொடுத்தார். நீங்கள் பையனைக் கொடுங்கள்.