முறைப்படி மூடப்பட்ட குளம்

சுற்றுச்சூழல் சட்டமும் பசுமைக் கொள்கையும் கற்றுத் தரும் கோடைப் பயிற்சிக்கு வந்தவர்களின் கார்கள் சாலையை அடைத்துக்கொண்டு நின்றதால், பல்கலைக்கழகத்தின் பின்பக்கக் குளத்தை மூடி, கார் நிறுத்தும் மைதானமாக்குவது என்று முடிவாயிற்று. முடிவில் தவறு காண முடியாது. பூமியைக் காக்கப் பயிற்சி வேண்டும், பயிற்சிக்கு வரக் கார் வேண்டும். குளம்தான் யாருக்கும் வேண்டாததாக நடுவில் கிடந்தது.

பயிற்சியை நடத்திய சட்ட விரிவுரையாளருக்கு மட்டும் அது வேண்டியிருந்தது. குளத்தங்கரையில்தான் ஊழியர் குடியிருப்பு. குளம் வற்றினால் கிணறும் வற்றும்.

"ஊருக்கெல்லாம் சட்டம் சொல்றீங்க. அந்தக் குளத்துக்கு ஒரு வழி பண்ணுங்க பாப்போம்" என்றாள் மனைவி.

"பதிவாளரை எதிர்த்தா வேலை போயிடும்."

"தண்ணி போனா?"

ஆடுகிற மாட்டை ஆடித்தான் கறக்க வேண்டும். விரிவுரையாளர் பயிற்சியில் ஒரு பாடம் சேர்த்தார்: பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம், ஒத்திகை. பொருள், பின்பக்கக் குளம். தலைமை, பதிவாளர்.

அன்று மாணவர்கள் பிய்த்து உதறிவிட்டார்கள். தவளைகளின் சார்பில் ஆஜரான பெண் பேசி முடித்தபோது பதிவாளரே கைக்குட்டையை எடுத்தார். குளம் பிழைத்தது என்று மனைவியிடம் சொல்லிவிட்டு விரிவுரையாளர் நிம்மதியாகத் தூங்கினார்.

காலையில் மண் லாரிகள் வந்து நின்றன. விரிவுரையாளர் பதிவாளரின் அறைக்கு ஓடினார்.

"சார், எல்லாரும் வேணாம்னுதானே சொன்னாங்க?"

"ஆமா, அருமையா சொன்னாங்க. குளத்தை மூடறதுக்கு முன்னாடி பொதுமக்கள் கருத்தைக் கேக்கணும்னு சட்டம். அது ஒண்ணுதான் பாக்கி இருந்துச்சு. கேட்டாச்சு."

"அது ஒத்திகை சார்."

"அவங்க ஒத்திகைக்குப் பேசியிருக்கலாம். நான் நெசமாத்தானே கேட்டேன்?"

"அவங்க சொன்னபடி நடக்கணுமே சார்."

"அப்படி எங்க இருக்கு? நீங்க சட்டம் படிச்சவர், காட்டுங்க."

விரிவுரையாளர் நின்றபடியே சட்டத்தைப் புரட்டினார். இல்லை. தன் கையாலேயே குளத்துக்குக் குழி தோண்டிவிட்டோமே என்று அவருக்கு அழுகை வந்துவிட்டது. அழுகையை அடக்கிக்கொண்டு வகுப்புக்கு ஓடி, எல்லோருமாக நீதிமன்றம் போகலாம் என்றார்.

"அதுக்குச் சான்றிதழ் உண்டா சார்?" என்று கேட்டாள் தவளைகளின் வக்கீல்.

"இல்லைம்மா."

அவள் சற்று யோசித்தாள். "மைதானத்துல நிழல் இருக்குமா சார்? கார் ரொம்பச் சூடாயிடுது."

அந்தக் கோடையிலேயே கிணறு வறண்டது. இப்போது தினமும் தண்ணீர் லாரி வருகிறது. குளம் இருந்த இடத்தில் நிற்கிறது. குடியிருப்பு முழுவதும் குடத்தோடு வரிசையில் நிற்கிறது. ஒரு நாள் விரிவுரையாளருக்கு முன்னால் வாளியோடு நின்ற பதிவாளர் திரும்பி, மெல்லிய குரலில் சொன்னார்:

"யோசிச்சுப் பாருங்க. குளம் இருந்திருந்தா இவ்வளவு பெரிய லாரி உள்ள வந்திருக்க முடியுமா?"

விரிவுரையாளர் நேர்மையாக யோசித்துப் பார்த்தார்.

"முடியாதுதான் சார்" என்றார்.