டீச்சரம்மா வண்டிக்கு மூச்சுத் திணறல்

“உள்ள காத்து போக வழியில்லையாம். சூடு அப்படியே தங்கிடுதாம். அதனால ஃபெயிலாம்” என்றாள் மனைவி.

மாஸ்டர் அவள் படுத்திருந்த ஆஸ்பத்திரிக் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார். காலையில் டாக்டர் வந்து என்ன சொன்னார் என்றுதான் அவர் கேட்டிருந்தார். பதிலுக்கு வாகன ஆய்வு அலுவலகத்தின் முடிவு வந்து விழுந்தது.

“நாப்பது வருஷமா இல்லாத மூச்சு முட்டல் இப்ப எங்கேர்ந்து வந்துச்சு?”

“வயசாச்சுல்ல” என்று சொல்லிவிட்டு, ஃபோனைத் தலையணைக்கு அடியில் தள்ளினாள்.

மாஸ்டர் என்றால் பேன்ட் வெட்டும் மாஸ்டர். முப்பத்தைந்து வருஷம் தையல் கடையில் அடுத்தவர் இடுப்பை அளந்தவர். மனைவியை ஊரே டீச்சர் என்று கூப்பிடும். பள்ளிக்கூடத்து டீச்சர் இல்லை, கார் ஓட்டச் சொல்லிக்கொடுத்தவள். ஊரில் இன்றைக்கு ஒழுங்காக இண்டிகேட்டர் போட்டுத் திரும்புகிறவர்களில் பாதிப் பேர் அவளிடம் திட்டு வாங்கியவர்கள். மாஸ்டரும் அவளிடம்தான் கற்றுக்கொண்டு, நாலாவது முயற்சியில் லைசென்ஸ் வாங்கினார். அன்றிலிருந்து அவருக்கும் அவள் டீச்சர்தான்.

அந்தப் பழைய கார் அவள் பெயரில் இருந்தது. ஆய்வு முடிவு ஓனருக்கு மட்டும்தான் சொல்லப்படும் என்பது அலுவலக விதி. ஆகவே எல்லாச் செய்தியும் அவள் ஃபோனுக்கே வந்தது.

இரண்டு வருஷமாக வண்டி வெளியே எடுக்கப்படாமல் கிடந்து, தகுதிச் சான்று காலாவதி ஆகியிருந்தது. அதைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை. வீட்டுக்கு எப்போது வருவாய், எப்போது வருவாய் என்று மாஸ்டர் நச்சரிக்கப் போய், ஒருநாள் டீச்சர் சொன்னாள்: “வர்றப்போ ஆம்புலன்ஸ்ல வந்தேன். திரும்புறப்போ நம்ம வண்டியிலதான் வருவேன்.”

அவ்வளவுதான், மாஸ்டர் பிடித்துக்கொண்டார். மறுநாளே வண்டியை ஆய்வுக்குக் கொண்டுபோய் விட்டார். அவளுக்கும் வீட்டுக்கும் நடுவில் ஒரு சான்றிதழ் மட்டுமே பாக்கி என்று நம்பினார். அந்த நம்பிக்கையில்தான் அவருக்குச் சாப்பாடு இறங்கியது, தூக்கம் வந்தது.

ஃபெயில் ஆன வண்டியைப் பார்க்க வந்த மெக்கானிக்குக்கு ஊர் வைத்த பெயர் சைலன்சர். வாயை மூடத் தெரியாதவர். எஞ்சினை அரைமணி நேரம் ஓடவிட்டுப் பார்த்தார்.

“சூடு அளவாத்தானே இருக்கு மாஸ்டர். ரேடியேட்டர் ஒழுகல, ஃபேன் சுத்துது. எவன் சொன்னான் காத்து போதலைன்னு?”

“ஆபீஸ்ல சொல்லியிருக்காங்க.”

“ஆபீஸ்ல சொன்னா இருக்கும்.” வாடிக்கையாளரை மறுத்துப் பேசாதது சைலன்சரின் பலம், வாடிக்கையாளர்களின் கஷ்டகாலம். “பானெட்ல நாலு கீறல் போட்டுருவோம். சூடு தானா மேல ஏறிப் போயிடும்.”

மாஸ்டர் பையிலிருந்து டேப்பையும் தையல் சாக்குக்கட்டியையும் எடுத்தார். பானெட்டின் மேல் குனிந்து நாலு கோடு போட்டு, ஒவ்வொன்றுக்கும் வெளியே இன்னொரு கோடும் போட்டார்.

“இது எதுக்கு மாஸ்டர்?”

“தையலுக்கு அரை அங்குலம்.”

“தகரத்துக்கு ஏது தையல்?”

“கை அதுபாட்டுக்குப் போயிடுச்சுப்பா” என்று அழித்தார்.

மறுநாள் வெட்டுவதற்கு முன் சைலன்சர் ஃபோன் செய்தபோது மாஸ்டர் வார்டில் இருந்தார். காது கொஞ்சம் மந்தம் என்பதால் ஸ்பீக்கரில் போட்டார்.

“மாஸ்டர், கடைசியா கேக்கறேன். மூச்சு விடணும்னா ஓட்டை போட்டே ஆகணும். போட்டா அப்புறம் மூட முடியாது. என்ன சொல்றீங்க?”

“போடு. வலது பக்கம் ரெண்டு, இடது பக்கம் ரெண்டு.”

“உள்ள இருக்கறதெல்லாம் வெளிய தெரியும்.”

“தெரிஞ்சா தெரியட்டும். ஆள் வீட்டுக்கு வந்தா போதும்.”

பக்கத்துக் கட்டில் அம்மாள் போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டு நர்ஸைக் கூப்பிட்டாள். டீச்சர் சிரித்தாள். சிரிப்பு இருமலாகி, இருமல் நிற்கவே இல்லை. நர்ஸ் ஓடிவந்து ஆக்ஸிஜனை மாட்டிவிட்டு, மாஸ்டரை வராந்தாவுக்கு விரட்டினாள்.

கண்ணாடிக் கதவு வழியே அவள் நெஞ்சு ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டு நின்றார். பயமாக இருந்தது. பயத்தை என்ன செய்வதென்று தெரியாமல் நேரே ஒர்க் ஷாப்புக்குப் போனார்.

கீறல்கள் நேர்த்தியாக வந்திருந்தன. கோட்டுப் பாக்கெட் மாதிரி இருக்கிறது என்று சைலன்சர் பாராட்டினார். அடுத்த நாள் மழை பெய்தது. நாலு பாக்கெட் வழியாகவும் தண்ணீர் இறங்கி, ஒயர்கள் நனைந்து, வண்டி கிளம்ப மறுத்தது. சைலன்சர் கீறல்களின் மேல் ஒரு தகரத்தை வைத்து மூடினார். தகரம் ரேடியேட்டருக்கு முன்னாலும் கொஞ்சம் தொங்கியது. நாற்பது வருஷத்தில் முதல் தடவையாக எஞ்சின் நிஜமாகவே கொதித்தது.

“பார்த்தியா, ஆபீஸ்ல சொன்னது சரியாப் போச்சு” என்றார் மாஸ்டர், மரியாதையோடு.

அதற்காக ஒரு கரண்ட் ஃபேன் சேர்த்தார்கள். ஃபேனுக்கு ஒயர் வேண்டும். ஒயரை உள்ளே கொண்டுவர, எஞ்சினுக்கும் சீட்டுக்கும் நடுவில் இருக்கும் தடுப்புத் தகட்டில் சைலன்சர் ஓட்டை போட்டார். ஒயர் விரல் தடிமன், ஓட்டை கை நுழையும் அளவு. அதன் வழியே பெட்ரோல் வாடை சீட்டுவரை வந்தது. வாடை போவதற்காக மாஸ்டர் நாலு ஜன்னலையும் இறக்கிவிட்டு, கழுத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு, இரண்டாம் தடவை ஆய்வுக்கு ஓட்டிப்போனார்.

ஆய்வாளரும் டீச்சரிடம் திட்டு வாங்கிப் படித்தவர்தான். பானெட்டைப் பார்த்ததும் அவர் முகம் மாறிவிட்டது.

“இதை யாரு வெட்டச் சொன்னது?”

“நீங்கதான்.”

ஆய்வாளர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். சொல்லாமல் கண்ணாடியைக் கழற்றி ரொம்ப நேரம் துடைத்தார். பிறகு விதிப் புத்தகத்தைத் திறந்துகொண்டார். அதுதான் அவருக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

“மாஸ்டர், பானெட்டை வெட்டினதுக்கு முன் அனுமதி இல்ல. ஃபேன் சேர்த்ததுக்கும் இல்ல. தடுப்புத் தகட்டுல ஓட்டை போடவே கூடாது. புகை உள்ள வந்தா உக்காந்திருக்கிறவங்க மயங்கிடுவாங்க. இதுல நுரையீரல் நோயாளியை ஏத்திட்டுப் போவீங்களா?”

“இப்ப என்ன செய்யணும் சார்?”

“ஓட்டையை அடைங்க. மத்ததுக்கு ஓனர் கையெழுத்துப் போட்டு விண்ணப்பம் கொடுக்கணும்.”

ஓட்டையை அன்றைக்கே அடைத்தாயிற்று. கையெழுத்துதான் கிடைக்கவில்லை. முதல் நாள் டீச்சர் கண்ணாடி காணோம் என்றாள். கண்ணாடி அவள் தலைமாட்டிலேயே இருந்தது. இரண்டாம் நாள் பேனா பிடிக்க விரல் ஒத்துழைக்கவில்லை என்றாள். மூன்றாம் நாள் அவர் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். தகரம் கீறிய காயங்கள் விரல் விரலாக இருந்தன.

“எதுக்குங்க இவ்வளவு சிரமம்?”

“நீ வரணும்ல.”

அவள் அந்தக் கையை விடாமல் பிடித்துக்கொண்டாள். “கிளட்ச்சை மெதுவா விடுங்க, மெதுவா விடுங்கன்னு எத்தனை வருஷமா சொல்றேன். எதையும் மெதுவா விடவே தெரியாது உங்களுக்கு.”

“இந்தத் தடவை மெதுவா விடறேன். குலுங்காம கூட்டிட்டுப் போறேன், பாரேன்.”

அவள் காகிதத்தை வாங்கிக் கையெழுத்துப் போட்டாள். எழுத்துகள் கோட்டை விட்டு இறங்கி ஓரத்துக்கு நழுவின.

அன்று ஆய்வாளர் விடுப்பில் இருந்தார். கவுன்ட்டரில் அந்த வாரம்தான் வேலையில் சேர்ந்த ஒரு பெண். விண்ணப்பத்தையும் ஃபைலையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“கையெழுத்து ஒத்துப்போகலையே சார். ஃபைல்ல நிமிர்ந்து நிக்குது, விண்ணப்பத்துல விழுந்து கிடக்குது.”

“ஆளே படுத்துக் கிடக்கா, அம்மா. கையெழுத்து மட்டும் எப்படி நிமிரும்?”

அந்தப் பெண்ணுக்கு மனசு இளகிவிட்டது. சமீபத்தில் போட்ட கையெழுத்து வேறு ஏதாவது இருந்தால் சமாளிக்கலாம் என்று ஃபைலைப் புரட்டினாள். ஒரு பக்கம் வந்ததும் புரட்டுவதை நிறுத்தினாள்.

“சார், இந்த வண்டி முதல் தடவையே பாஸ் ஆயிடுச்சே.”

“இல்லம்மா, ஃபெயில். காத்து போதலை.”

அவள் காகிதத்தை அவர் பக்கம் திருப்பினாள். முத்திரை பளிச்சென்று இருந்தது. மாஸ்டர் அதையே பார்த்தார்.

“அப்ப ஏன் எனக்கு யாரும் சொல்லல?”

எதைச் சத்தமாகப் படிக்கலாம், எதைப் படிக்கக்கூடாது என்று அவளுக்கு இன்னும் யாரும் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை. ஓரத்தில் ஆய்வாளர் பென்சிலால் எழுதியிருந்ததை விரல் வைத்துப் படித்தாள்.

“‘வண்டி பாஸ்னு வீட்டுக்காரர்கிட்ட சொல்ல வேண்டாம்னு டீச்சர் ஃபோன்ல கேட்டுக்கிட்டாங்க, சொன்னா உடனே கூட்டிட்டுப் போக வந்து நிப்பாராம், இனிமே வீட்டுக்கு வர வழியில்லைன்னு டாக்டர் கைவிரிச்சதை அவருகிட்ட சொல்ல அவங்களுக்கு மனசு வரலையாம்.’”