தலைவரின் மீசை

"சார், தும்மிடாதீங்க!" என்று மேக்கப்காரர் கத்துவதற்குள் கதாநாயகர் தும்மிவிட்டார். தலைவரின் புகழ்பெற்ற மீசை பறந்துபோய் டீ டம்ளருக்குள் விழுந்தது.

போரில் நாட்டைக் காப்பாற்றிய தலைவரின் வாழ்க்கைப் படம் அது. இன்று வானொலி உரைக் காட்சி. பார்க்க வருகிறவர் தலைவரின் மனைவி. "மீசை முதக்கொண்டு என் வீட்டுக்காரர் மாதிரியே இருக்கணும். இல்லேன்னா படத்தை நிறுத்திடுவேன்" என்று முன்பே சொல்லி வைத்திருந்தார் அந்த அம்மாள்.

மேக்கப்காரர் மீசையைப் பிழிந்து ஹேர் டிரையரைக் காட்டினார். அது கருகிய கம்பளிப்பூச்சி மாதிரி சுருண்டுகொண்டது.

"வேற மீசை இல்லையாய்யா?" என்றார் கதாநாயகர்.

"இருந்த இன்னொண்ணும் சண்டை டூப்போட மூஞ்சியில ஒட்டிக்கிட்டுக் குதிரை மேல போயிடுச்சு சார்."

பக்கத்து நாற்காலியில் தளபதி வேடக்காரர் வாயைப் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தார். மேக்கப்காரர் பூனை நடை நடந்து போய் அவர் தாடியில் ஒரு கொத்து நறுக்கினார்.

"அடப்பாவி! அது என் சொந்தத் தாடிய்யா!"

அலறலைக் காதில் வாங்காமல், அந்த முடியைச் செருப்பு ஒட்டும் பசையால் கதாநாயகரின் உதட்டுக்கு மேல் அழுத்தினார். "இனிமே பூகம்பமே வந்தாலும் அசையாது சார்."

"ஆக்‌ஷன்!" என்றார் டைரக்டர்.

மைக் முன்னால் வீர முழக்கம் செய்ய வேண்டிய தலைவர், "ம்ம்... ம்ம்ம்!" என்றார். பசை வழிந்து இரண்டு உதடும் ஒட்டிக்கொண்டுவிட்டன.

"போர்ப் பிரகடனமா, பல்வலியா?" என்று டைரக்டர் எகிறினார்.

மேக்கப்காரர் மண்ணெண்ணெயில் துணியை நனைத்துத் தேய்த்தார். கண்ணை மூடிக்கொண்டு ஒரே இழு. வாய் திறந்தது. மீசை மொத்தமும் கையோடு வந்துவிட்டது. சிவந்துபோன மொட்டை உதட்டோடு கதாநாயகர் கண்ணீர் விட்டுக்கொண்டிருந்தபோது வாசலில் கார் வந்து நின்றது.

மேக்கப்காரர் செட்டில் அடுக்கியிருந்த மணல் மூட்டைகளுக்குப் பின்னால் பதுங்கினார். வேலை போவது உறுதி. படமும் போனால் அவரை யார் சும்மா விடப்போகிறார்கள்?

அம்மாள் கதாநாயகரின் அருகே போய் நின்று உற்றுப் பார்த்தார். அவர் கண்கள் கலங்கின.

"ஏம்ப்பா, ஒட்டு மீசையைக் கழட்டினா அவர் இப்படித்தான் இருப்பார்னு என்னைத் தவிர ஒருத்தருக்கும் தெரியாதே, உங்களுக்கு யாருப்பா சொன்னது?"